கண்டன்சர் மேல் கண்டன்சர் போட்டும் எஃப்எம் கரகரப்பு போகவில்லையா?

கன்வெர்ட்டரில் (ஒரு வோல்ட்டேஜை வேறொன்றாக மாற்றித் தருகிற பெட்டி) நாய்ஸ் வருகிறது என்று யாரிடம் சொன்னாலும் வருகிற பதில் "ஒரு ஆயிரம் மைக்ரோ போட்டுப் பாருங்க" என்பதுதான். போடுவோம், ஏதோ கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கும், இன்னொன்று போடுவோம், அப்புறம் பெட்டியில் இடம் இருக்காது. அந்த ஆயிரம் மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிடிக் கண்டன்சர், 100 மெகாஹெர்ட்ஸில் கண்டன்சரே கிடையாது. அதன் காலும் உள்ளே சுருட்டிய தகடும் சேர்ந்து 15 நானோஹென்றி என்று வைத்துக்கொண்டால்கூட, அந்த அதிர்வெண்ணில் ஒன்பது ஓமுக்கு மேல் தடை காட்டுகிற ஒரு குட்டிக் காயில்தான் அது. அதனால் எதைப் போடுவது என்று யோசிப்பதற்கு முன்னால், நாய்ஸ் கரண்ட் எங்கே கிளம்பி எந்த வழியாகச் சுற்றித் திரும்புகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். வழி தெரிந்துவிட்டால் பல நேரம் இரண்டு ரூபாய் செராமிக் கண்டன்சரிலேயே வேலை முடிந்துவிடும், தெரியாவிட்டால் இருநூறு ரூபாய்க்குச் சாமான் போட்டாலும் முடியாது.

நான் பஸ், லாரிக்கான 24 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட் எடுக்கிற கன்வெர்ட்டர்களைச் சர்வீஸ் செய்கிறேன், கொஞ்சம் கொஞ்சமாக நானே போர்டு போட்டும் கொடுக்கிறேன். கரூர்ப் பக்கம் பஸ் பாடி கட்டுகிற பட்டறைகள் நிறைய இருப்பதால் இந்த வேலைக்குப் பஞ்சமில்லை. வண்டியில் இருப்பது 24 வோல்ட், ஆடியோ செட்டு 12 வோல்ட். இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் உருவி எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அப்படி எடுத்தால் ஒரு பேட்டரி எப்போதும் பசியோடும் இன்னொன்று அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறியும் கிடந்து, கடைசியில் இரண்டுமே சீக்கிரம் போய்விடும். கன்வெர்ட்டர் வைப்பதுதான் சரி, ஆனால் அது வந்தவுடன் கூடவே ரேடியோ தொல்லையும் வந்துவிடுகிறது.

ஆடியோ ஃபிட்டிங் செய்கிற தம்பி ஒருவர் பெட்டியோடு வந்து சொன்னது இது: "ஏனுங்ணா, இந்த பாக்ஸ ஆன் பண்ணா 98.3 மட்டும் கரகரங்குதுங்க. வண்டி ஆஃப்ல இருந்தா அது நல்லாப் பாடுது, 93.5 போயிடுது. 106.4 எப்பவும் நல்லாத்தான் இருக்குது. பேய் பிடிச்ச மாதிரி இருக்குதுங்ணா."

இந்த மாதிரிப் புகார் கிடைப்பது அதிர்ஷ்டம். "நாய்ஸா இருக்குது" என்று மட்டும் சொல்லியிருந்தால் நான்தான் குடைந்து குடைந்து கேட்டிருக்க வேண்டும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சத்தத்தின் சுருதி ஏறுகிறதா? ஏறினால் அது கன்வெர்ட்டர் இல்லை, ஆல்டர்னேட்டர். அதைப் பிறகு சொல்கிறேன். பென்டிரைவில் பாட்டு ஓடும்போதும் சத்தம் இருக்கிறதா, ரேடியோவில் மட்டுமா? ரேடியோவில் மட்டும் என்றால் ஆன்டெனா வழியாகத்தான் ஏறுகிறது, பவர் லைன் வழியாக ஆடியோவுக்குள் நுழையவில்லை. எல்லா ஸ்டேஷனிலுமா, குறிப்பிட்ட இடத்திலா? குறிப்பிட்ட இடம் என்றால் கன்வெர்ட்டருக்குள் ஏதோ ஒன்று அந்த அதிர்வெண்ணில் மணி அடித்துக்கொண்டிருக்கிறது. இந்தக் கேள்விகளுக்குப் பதில் வாங்காமல் பெட்டியைத் திறப்பது வீண் வேலை.

திறந்தால், பெயரில்லாத பெட்டி. ஐசி மேல் எழுத்தைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். வெளியே ஒரு ஷாட்கி டயோடு, ஒரு டிரம் காயில் (மூடி இல்லாத திறந்த வகை), இன்புட்டில் ஒரு பெரிய எலக்ட்ரோலிடிக், அதன் பக்கத்திலேயே ஒரு செராமிக். சாமான்களில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தச் செராமிக் ஐசியின் இன்புட் காலிலிருந்து விரல் அகலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது, டயோடின் கிரவுண்டு கால் இன்னொரு மூலையில், இரண்டையும் சேர்க்கிற கிரவுண்டு டிராக் காயிலைச் சுற்றிக்கொண்டு வந்தது.

இங்கேதான் பக் கன்வெர்ட்டரின், அதாவது வோல்ட்டேஜைக் குறைத்துத் தருகிற வகையின், விஷயமே இருக்கிறது. அவுட்புட் பக்கம் காயில் இருப்பதால் அங்கே ஓடுகிற கரண்ட் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். இன்புட் பக்கம் அப்படி இல்லை. உள்ளே ஸ்விட்சாக வேலை செய்கிற மாஸ்ஃபெட் ஆன் ஆகும்போது முழு கரண்டும் இன்புட்டிலிருந்து பாய்கிறது, ஆஃப் ஆனதும் ஒரே வெட்டாக நின்று டயோடு வழியாகத் திரும்புகிறது. இன்புட் செராமிக், மாஸ்ஃபெட், டயோடு, மறுபடி செராமிக்கின் கிரவுண்டு கால், இந்த வளையத்தில்தான் கரண்ட் சில நானோவினாடிகளில் பூஜ்யத்துக்கும் முழு அளவுக்கும் குதிக்கிறது. ஒரு மில்லிமீட்டர் டிராக் ஏறக்குறைய ஒரு நானோஹென்றி என்பது கைக்கணக்கு. வளையம் 12 நானோஹென்றி, கரண்ட் 3 ஆம்பியர், நேரம் 10 நானோவினாடி என்றால் அந்த டிராக்கிலேயே 3.6 வோல்ட் எழும்பும். வெறும் செப்புக் கோட்டில்! நாம் கண்டன்சர்களைக் கொண்டுபோய் அடுக்குவது அவுட்புட்டில், தீ எரிவது இன்புட்டில். வோல்ட்டேஜை ஏற்றித் தருகிற பூஸ்ட் கன்வெர்ட்டர் என்றால் இது அப்படியே தலைகீழ், அங்கே அவுட்புட் கண்டன்சரும் டயோடும் மாஸ்ஃபெட்டும் சேர்ந்த வளையம்தான் தீ எரிகிற வளையம். எந்த வகை கன்வெர்ட்டராக இருந்தாலும், ஆன் நிலையில் கரண்ட் ஓடும் பாதையை ஒரு நிறத்திலும் ஆஃப் நிலையில் ஓடும் பாதையை இன்னொரு நிறத்திலும் சர்க்யூட் மேல் வரைந்து பாருங்கள். ஒரு நிறம் மட்டும் விழுந்த இடங்கள்தான் நாய்ஸ் பிறக்கிற இடங்கள்.

சரி, அளப்பது எப்படி? இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஸ்கோப் (அலையைத் திரையில் காட்டுகிற ஆசிலோஸ்கோப்) புரோபோடு வருகிற அந்த நீளமான முதலைக் கிளிப் கிரவுண்டு ஒயர் நல்ல ஆன்டெனா. ஒரு சோதனை செய்து பாருங்கள்: கன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது கிளிப்பை ஒரு கிரவுண்டு புள்ளியில் மாட்டி, புரோப் முனையையும் அதே புள்ளியிலேயே வையுங்கள். இரண்டும் ஒரே இடம், திரையில் நேர்கோடு வர வேண்டும். வராது. ஊசி ஊசியாக நூறு இருநூறு மில்லிவோல்ட் குத்தும். அவ்வளவும் புரோப் காற்றில் பிடித்தது. அந்தக் கிளிப்பைக் கழற்றிவிட்டு, புரோப் மூக்கைச் சுற்றி மாட்டுகிற சின்ன ஸ்பிரிங் கிரவுண்டைப் போட்டு, கண்டன்சரின் இரண்டு முனையிலும் நேராகக் குத்தி அளந்தால்தான் உண்மை தெரியும். ஸ்பிரிங் தொலைந்துபோயிருந்தால் (எல்லோரிடமும் தொலைந்துதான் போயிருக்கிறது) ஒரு துண்டு வெள்ளிக் கம்பியைச் சுற்றிச் செய்துகொள்ளலாம். ஸ்கோப்பில் இருக்கிற 20 மெகாஹெர்ட்ஸ் லிமிட் பட்டன் ரிப்பிள் (ஸ்விட்சிங் வேகத்தில் வருகிற சிற்றலை) அளக்க மட்டும். அதை அழுத்திவிட்டு "நாய்ஸே இல்லையே" என்றால் எஃப்எம் ரேடியோ ஒத்துக்கொள்ளாது.

காயிலும் டயோடும் சேருகிற அந்த ஸ்விட்ச் புள்ளியில் புரோபை வைத்தேன். 400 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை. ஏறுகிற ஒவ்வொரு விளிம்பிலும் 28 வோல்ட்டுக்கு மேலே 45 வரை தாவி, நடுங்கி நடுங்கி அடங்குகிறது. நேர அளவை விரித்து அந்த நடுக்கத்தை அளந்தால் 97 மெகாஹெர்ட்ஸ் அளவில் இருக்கிறது. சப்ளையை 24-க்கு இறக்கினால் 94-க்கு வருகிறது. தம்பியின் பேய் இதுதான். டயோடு மூடியிருக்கும்போது அது ஒரு கண்டன்சர். மேலே வோல்ட்டேஜ் ஏற ஏற ஷாட்கியின் கெப்பாசிட்டன்ஸ் குறையும், குறைந்தால் வளையத்தோடு சேர்ந்து அடிக்கிற மணியின் அதிர்வெண் கூடும். இன்ஜின் ஆஃப், 24 வோல்ட், அந்த மணியைச் சுற்றி நாய்ஸ் குவிகிற மேடு 93.5 பக்கம் உட்காருகிறது. இன்ஜின் ஓடினால் ஆல்டர்னேட்டர் 28-க்கு ஏற்றிவிடும், மேடு 98.3 பக்கம் நகர்கிறது. 106.4 வரைக்கும் அதன் கை எட்டவில்லை. எனக்கு இந்தத் தொழிலில் பிடித்ததே இந்த மாதிரி இடங்கள்தான், புகாரும் அளவும் அச்சு அசலாகப் பொருந்துவது.

ஸ்கோப் இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆர்டிஎல் எஸ்டிஆர் டாங்கிள் (கம்ப்யூட்டரில் மாட்டுகிற ரேடியோ ரிசீவர்) ஒன்றும் கையால் சுற்றிய சின்ன ஒயர் வளையமும் இருந்தால் இதே மேட்டைக் கம்ப்யூட்டர் திரையில் பார்க்கலாம். அதுவும் இல்லையா, பாக்கெட் ரேடியோ போதும். ஆன்டெனாவை மடக்கி, ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வைத்து, போர்டு மேல் மெதுவாக நகர்த்தினால் எங்கே சீறல் அதிகம் என்று காது சொல்லும். ஏஎம் பேண்டு இருக்கிற பழைய ரேடியோ என்றால் இன்னும் நல்லது, உள்ளே இருக்கிற ஃபெரைட் கம்பி காந்தப் புலத்தைப் பிடிக்கும், எந்தக் காயில் கசிகிறது என்று திசையோடு காட்டிக்கொடுக்கும்.

முதல் வைத்தியம்: 100 வோல்ட் தாங்குகிற 1 மைக்ரோ செராமிக், 1206 சைஸ் (போர்டு மேலேயே ஒட்டுகிற சின்னச் சாமான்களின் அளவு எண்). போர்டின் பச்சைப் பூச்சைக் கொஞ்சம் சுரண்டி, ஐசியின் இன்புட் காலுக்கும் டயோடின் கிரவுண்டு முனைக்கும் நடுவே பாலம் போட்ட மாதிரி நேராகச் சால்டர் செய்தேன். ஒயர் இல்லை, காலும் இல்லை, செராமிக்கின் உடம்பே பாலம். மறுபடி பார்த்தால் தாவல் பாதிக்கும் கீழே வந்திருந்தது, மணி 97-லிருந்து 130-க்குப் போய்விட்டது. வளையத்தின் இண்டக்டன்ஸ் 12 நானோஹென்றியிலிருந்து ஏழுக்குள் இறங்கியதன் விளைவு. எஃப்எம் பேண்டு 108-இல் முடிகிறது, ஆக மேடு வெளியே போய்விட்டது. 98.3 பாடியது.

இங்கே நிறுத்தியிருந்தால் தம்பி சந்தோஷமாகப் போயிருப்பார். ஆனால் மணி சாகவில்லை, வீடு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். 50 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்பில் பார்க்கிறவருக்கு இந்த 130 கண்ணிலேயே படாது, பிரச்சினை தீர்ந்த மாதிரித் தெரியும். அடுத்த டயோடு வேறு கம்பெனியுடையதாக இருந்து கெப்பாசிட்டன்ஸ் இருமடங்கு இருந்தால் மேடு திரும்பி எஃப்எம்முக்குள்ளேயே வந்துவிடும். ஆகவே ஸ்னப்பர், அதாவது டயோடுக்கு இணையாக வைத்து மணியை அடக்குகிற ரெசிஸ்டர்-கண்டன்சர் ஜோடி.

ஸ்னப்பர் என்றால் பலரும் பழைய சர்க்யூட்டிலிருந்து ஒரு மதிப்பைத் தூக்கி வைக்கிறார்கள். அளந்து வைப்பது கஷ்டமே இல்லை. மணியின் அதிர்வெண்ணை முதலில் குறித்துக்கொள்ளுங்கள், இங்கே 130. பிறகு டயோடுக்கு இணையாகச் சின்னச் சின்ன கண்டன்சர்களை ஒன்றொன்றாக வைத்து, அதிர்வெண் சரிபாதியாகிற மதிப்பைத் தேடுங்கள். இந்தப் போர்டில் 680 பிகோவில் 65-க்கு வந்தது. அதிர்வெண் பாதியானால் மொத்த கெப்பாசிட்டன்ஸ் நான்கு மடங்கு ஆகியிருக்கிறது என்று அர்த்தம், அதாவது நாம் வைத்தது அங்கே ஏற்கெனவே இருந்ததைப் போல் மூன்று மடங்கு. 680-ஐ மூன்றால் வகுத்தால் 227 பிகோ. அதையும் 130 மெகாஹெர்ட்ஸையும் வைத்துக் கணக்குப் போட்டால் வளையம் 6.6 நானோஹென்றி. 6.6 நானோவை 227 பிகோவால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 5.4 ஓம். அதுதான் ஸ்னப்பர் ரெசிஸ்டர். அதோடு தொடரில் அதே 680 பிகோ. முடிந்தது.

ஆனால் சூட்டை மறக்கக் கூடாது. ஸ்னப்பரில் எரிகிற பவர், கண்டன்சர் மதிப்பு பெருக்கல் வோல்ட்டேஜின் வர்க்கம் பெருக்கல் ஸ்விட்சிங் அதிர்வெண். 680 பிகோ, 28 வோல்ட், 400 கிலோஹெர்ட்ஸ் என்றால் 0.21 வாட். 0805 ரெசிஸ்டர் எட்டில் ஒரு வாட்தான் தாங்கும், பஸ் டேஷ்போர்டுக்குப் பின்னால் சித்திரை மாதத்தில் அது கருகி உதிர்ந்துவிடும். 1206 சைஸில் 10 ஓம் இரண்டை இணையாக வைத்தேன், 5 ஓம் ஆச்சு, ஆளுக்குப் பாதிச் சூடு. கண்டன்சர் என்பிஓ வகையாக (சூட்டிலும் வோல்ட்டேஜிலும் மதிப்பு மாறாத செராமிக்), 100 வோல்ட் தாங்குவதாக இருக்க வேண்டும். கம்பி சுற்றிய ரெசிஸ்டர் வேண்டவே வேண்டாம், அதுவே ஒரு காயில்.

மணி ஒன்றரைச் சுற்றில் அடங்கியது. மேசையில் சுத்தம்.

வண்டியில் மாட்டினால் மறுபடி ஒரு சீறல், முன்பு போலக் கரகரப்பு இல்லை, மெல்லியதாக, பேண்டு முழுக்க. மேசையில் இல்லாதது வண்டியில் வந்தால் ஒயரைப் பார்க்க வேண்டும். 100 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 3 மீட்டர், அதில் கால்பங்கு 75 சென்டிமீட்டர். பெட்டியிலிருந்து செட்டுக்குப் போகிற 12 வோல்ட் லீடு ஏறக்குறைய அந்த நீளம்தான் இருந்தது. பார்த்துச் செய்த ஆன்டெனா மாதிரி. இந்த நாய்ஸ் பிளஸ் ஒயரில் போய் மைனஸ் ஒயரில் திரும்புகிற வகை இல்லை, இரண்டு ஒயரிலும் ஒரே திசையில் போய், காற்று வழியாகவும் வண்டி பாடி வழியாகவும் திரும்புகிற வகை, காமன் மோடு என்பார்கள். பிளஸுக்கும் மைனஸுக்கும் நடுவே எத்தனை கண்டன்சர் வைத்தாலும் இதற்கு ஒன்றும் ஆகாது, இரண்டும்தான் ஒன்றாகவே ஆடுகின்றனவே. இதற்கு ஃபெரைட் கிளிப், ஒயரைச் சுற்றிக் கவ்வுகிற காந்தக் கல். பிளஸ், மைனஸ் இரண்டையும் சேர்த்து ஒரே கிளிப்புக்குள் விட வேண்டும். பிளஸை மட்டும் விட்டால் 3 ஆம்பியர் டிசி அந்த ஃபெரைட்டைக் காந்தத்தால் நிறைத்துவிடும், பிறகு அது வெறும் கல். இரண்டையும் விட்டால் போகிற கரண்டும் வருகிற கரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், நிறையாது. ஒரு சுற்றுக்குப் பதில் இரண்டு சுற்று விட்டால் தடை ஏறக்குறைய நான்கு மடங்கு. பெட்டிக்குள்ளிருந்து ஒயர் வெளியே வருகிற இடத்தை ஒட்டி மாட்டுங்கள், நடுவழியில் மாட்டினால் பாதி ஆன்டெனா அப்படியே மிச்சம் இருக்கும்.

அலுமினியப் பெட்டி என்றால் இன்னும் ஒரு காரியம் செய்யலாம். பிளஸிலிருந்தும் மைனஸிலிருந்தும் பெட்டி உடம்புக்கு ஆளுக்கொரு 10 நானோ செராமிக், ஒயர் நுழைகிற இடத்திலேயே. அங்கே வைத்தால் காமன் மோடு கரண்டுக்கு வீட்டுக்குள்ளேயே திரும்பும் வழி கிடைத்துவிடும், தெருவுக்குப் போகாது.

ஆல்டர்னேட்டர் சத்தத்துக்கு வருகிறேன். ஆக்ஸிலேட்டரோடு சுருதி ஏறி இறங்குகிற அந்த "ஊஊ" கன்வெர்ட்டரை மாற்றினால் போகாது, நல்ல கன்வெர்ட்டரைத் தேடிக் காசு செலவழிப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். பெரும்பாலும் அது கிரவுண்டு சுற்று. செட்டு டேஷ்போர்டில் ஒரு போல்ட்டில் கிரவுண்டு, ஆம்ப்ளிஃபயர் பின் சீட்டுக்கடியில் வேறொரு போல்ட்டில் கிரவுண்டு, இரண்டுக்கும் நடுவே பாடியில் ஆல்டர்னேட்டர் கரண்ட் ஓடி உண்டாக்குகிற சின்ன வோல்ட்டேஜ், செட்டிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஆடியோ கொண்டுபோகிற ஆர்சிஏ கேபிளின் வெளி வலை வழியாக ஆடியோவுக்குள் போய்விடுகிறது. இரண்டின் கிரவுண்டையும் கன்வெர்ட்டரின் ஒரே மைனஸ் முனையிலிருந்து எடுத்தால் பத்தில் ஏழெட்டு வண்டியில் போய்விடும்.

இன்னொன்று, சத்தத்தைக் குறைத்து வைத்தால் பெட்டியிலிருந்தே சில்வண்டு மாதிரி வருகிற "கிர்ர்". இது மின்சார நாய்ஸ் என்று நினைத்து ஃபில்டர் போடக் கூடாது. லோடு குறைந்தால் பல ஐசிகள் பவரை மிச்சம் பிடிக்க இடையிடையே துடிப்பைத் தவறவிடும், அந்தத் தவறவிடுகிற வேகம் காதுக்குக் கேட்கிற அளவுக்கு இறங்கும்போது செராமிக் கண்டன்சரும் காயிலும் உடம்பால் அதிர்ந்து பாடும். ஒரு சின்ன நிரந்தர லோடு வைத்தால் நிற்கும், அல்லது லேசான லோடிலும் துடிப்பைத் தவறவிடாத ஐசியை எடுக்க வேண்டும்.

இனி நானே போடுகிற போர்டு பற்றி. ஐசியை வைத்தவுடன், வேறு எதையும் வைப்பதற்கு முன்னால், இன்புட் செராமிக்கையும் டயோடையும் அதோடு ஒட்டி வைத்துவிடுகிறேன். மற்றதெல்லாம் அவற்றுக்கு வழி விட்டுப் போகட்டும். அடியில் முழு கிரவுண்டுத் தளம், அதில் ஒரு வெட்டும் கூடாது. மேலே போகிற வேகமான கரண்டின் பிம்பக் கரண்ட், அதாவது திரும்பி வருகிற கரண்ட், நேர் கீழே ஓட வேண்டும், வெட்டு இருந்தால் அது சுற்றிக்கொண்டு போகும், வளையம் பெரிதாகும். சத்தமான கிரவுண்டு, அமைதியான கிரவுண்டு என்று இரண்டாகப் பிரித்து ஒரு மூலையில் சேர்க்கிற பழக்கம் நம்மிடம் நிறைய இருக்கிறது. இந்த வகைச் சின்னப் போர்டில் அதனால் கெடுதல்தான் அதிகம். இரண்டு லேயர் போர்டில் தளம் 1.6 மில்லிமீட்டர் கீழே இருக்கிறது, நான்கு லேயரில் 0.2-க்குப் பக்கம். விலை ஏறும், ஆனால் ஸ்னப்பர், ஃபெரைட் எல்லாம் சேர்த்துச் செய்கிற வேலையில் பாதியை அந்தத் தளமே செய்துவிடுகிறது.

ஒரு நிஜமான சங்கடம், இதற்கு முழுத் தீர்வு கிடையாது. ஸ்விட்ச் புள்ளியின் செப்புப் பரப்பு எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்லது, 28 வோல்ட் ஆடுகிற தகடு அது, பரப்பு பெரிதானால் பக்கத்து ஒயருக்கெல்லாம் கெப்பாசிட்டன்ஸ் வழியாக நாய்ஸைத் தள்ளும். ஆனால் டயோடின் கேத்தோடு அங்கேதான் இணைகிறது, சூடு இறங்கச் செப்பு வேண்டும் என்று டயோடு கேட்கிறது. டிபாக் வகை டயோடு என்றால் அந்தப் பெரிய தகடே கேத்தோடு. நான் எஸ்எம்சி வகை டயோடு எடுத்து, ஆனோடு பக்கம் கிரவுண்டுத் தளத்தில் தாராளமாகச் செப்பும் துளைகளும் கொடுத்து, சூட்டை அந்த வழியாக இறக்குகிறேன். கொஞ்சம் கூடுதலாகச் சுடும், ஒத்துக்கொள்கிறேன்.

காயில் எப்போதும் மூடிய வகைதான். டிரம் காயில் விலை குறைவு, புலம் நாலாபக்கமும் கசியும். மூடிய காயிலிலும் ஒரு பக்கம் புள்ளி குறியிட்டிருக்கும், சுற்று தொடங்குகிற முனை அது. அந்த முனையை ஸ்விட்ச் பக்கம் வைத்தால் வெளிச் சுற்று அமைதியான அவுட்புட்டோடு சேரும், உள்ளே ஆடுகிற சுற்றுக்கு அதுவே திரை மாதிரி ஆகிவிடும். செலவில்லாத வைத்தியம். மாஸ்ஃபெட்டை ஆன் செய்யப் பவர் கொடுக்கிற பூட்ஸ்ட்ராப் கண்டன்சரோடு தொடரில் ஐந்து ஓம் போடவும் இடம் விட்டு வைக்கிறேன். மாஸ்ஃபெட் ஆன் ஆகிற வேகத்தை அது கொஞ்சம் மந்தமாக்கும், ஐசி கூடுதலாகச் சுடும், வேண்டாமென்றால் பூஜ்ய ஓம் போட்டுக்கொள்ளலாம்.

ஸ்விட்சிங் அதிர்வெண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது ஏஎம் ரேடியோவையும் நினைத்துக்கொள்ளுங்கள், இன்னும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். 400 கிலோஹெர்ட்ஸில் ஓடினால் மடங்குகள் 800, 1200, 1600. திருச்சி வானொலி 936, கோவை 999, இரண்டும் தப்பித்துவிடும். 312-இல் ஓடியிருந்தால் மூன்றாவது மடங்கு நேராகத் திருச்சி மேலேயே உட்கார்ந்திருக்கும். கார் கம்பெனிகள் ஏஎம் பேண்டையே தாண்டி 2.1 மெகாஹெர்ட்ஸில் ஓட்டுவது இதனால்தான். ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரம் என்று அதிர்வெண்ணை ஆட்டிக்கொண்டே இருக்கிற ஐசிகளும் உண்டு. லேபில் அளக்கும்போது உச்சம் குறைந்து காட்டும், காதுக்கு ஒரே இடத்தில் இருந்த சீட்டி, இடம் முழுக்கப் பரவிய இரைச்சலாக மாறும், எனக்கு அதில் பெரிய பிடிப்பில்லை.

இன்புட் ஃபில்டரில் ஒரு பொறி இருக்கிறது. 4.7 மைக்ரோஹென்றி காயில், 10 மைக்ரோ செராமிக் என்று வைத்தால் 23 கிலோஹெர்ட்ஸில் வெட்டத் தொடங்கும், 400-இல் காகிதத்தில் நல்ல அடக்கம் கிடைக்கும். ஆனால் முதலாவதாக, 50 வோல்ட் என்று எழுதியிருக்கிற 10 மைக்ரோ செராமிக், 24 வோல்ட் மேலே ஏறினவுடன் தன் மதிப்பில் பாதி வரைக்கும் இழக்கும், தயாரிப்பாளரின் வரைபடத்தைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். இரண்டாவதாக, கன்வெர்ட்டர் வினோதமான லோடு. இன்புட் வோல்ட்டேஜ் குறைந்தால் அது கரண்டைக் கூட்டி இழுக்கும், அதாவது நெகட்டிவ் ரெசிஸ்டன்ஸ். 36 வாட் லோடு, 24 வோல்ட் என்றால் அது மைனஸ் 16 ஓம். ஃபில்டரின் தடை அதன் ஒத்ததிர்வில் இதை நெருங்கினால் முழு கன்வெர்ட்டரும் ஆட ஆரம்பிக்கும். நாய்ஸைக் குறைக்க வைத்த ஃபில்டரே நாய்ஸ் தயாரிக்கும். செராமிக்குக்கு இணையாக 47 அல்லது 100 மைக்ரோ, 63 வோல்ட் எலக்ட்ரோலிடிக் ஒன்று வையுங்கள். இங்கே அதன் மதிப்பைவிட அதற்குள் இருக்கிற சின்ன ரெசிஸ்டன்ஸ்தான் வேலை செய்கிறது, ஆட்டத்தை அது தின்றுவிடும். நீள ஒயரோடு பேட்டரியில் சட்டென்று மாட்டும்போது வோல்ட்டேஜ் ஏறக்குறைய இருமடங்குக்குத் தாவி ஐசியைக் கொல்கிற விபத்தையும் அதே எலக்ட்ரோலிடிக்தான் தடுக்கிறது. ஆக அந்தப் பெரிய கண்டன்சரை நான் திட்டவில்லை, அதற்கான இடம் இது.

அவுட்புட்டில் ஃபெரைட் பீட் (போர்டில் தொடரில் வைக்கிற சின்ன ஃபெரைட் சாமான்) போடுகிறவர்களுக்கு: 600 ஓம் என்று எழுதியிருப்பது 100 மெகாஹெர்ட்ஸில், கரண்ட் ஓடாதபோது. இரண்டு மூன்று ஆம்பியர் ஓடினால் அதில் பெரும்பகுதி காணாமல் போகும், 400 கிலோஹெர்ட்ஸ் ரிப்பிளுக்கு எப்போதுமே ஒன்றும் செய்யாது. பின்னால் ஒரு 7805 (5 வோல்ட் ரெகுலேட்டர் ஐசி) வைத்தால் நாய்ஸ் போய்விடும் என்பதும் அப்படித்தான், 100 ஹெர்ட்ஸ் இரைச்சலுக்கு அது சிங்கம், நூற்றுக்கணக்கான கிலோஹெர்ட்ஸில் வாசலைத் திறந்து விட்டுவிடும்.

வீட்டு அடாப்டர்களைப் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள், ஒரு எச்சரிக்கை மட்டும். இரண்டு பின் அடாப்டரில் ஆம்ப்ளிஃபயர் உடம்பைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறதே, அது டிரான்ஸ்ஃபார்மரின் இரு பக்கத்துக்கும் நடுவே இருக்கிற நீல நிற ஒய் கண்டன்சர் வழியாக வருவது. 2.2 நானோ, 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் கணக்கில் 0.16 மில்லியாம்பியர். அந்தக் கண்டன்சரைக் கழற்றினால் சுருக்கும் போகும், கூடவே காமன் மோடு கரண்டுக்கு இருந்த திரும்பும் வழியும் போகும், ரேடியோ செத்துவிடும். அதை எடுத்துவிட்டு வீட்டில் கிடக்கிற சாதாரண ஆயிரம் வோல்ட் செராமிக்கை வைப்பது அதைவிட மோசம், அது ஷார்ட் ஆனால் 230 வோல்ட் நேராகக் கைக்கு வரும். ஒய்1 என்று அச்சடித்தது மட்டும்தான் அங்கே போக வேண்டும். மூன்றாவது பின் எர்த் கொடுப்பதுதான் சரியான வழி.

பெரிய வண்டிக் கம்பெனிக்குச் சப்ளை செய்கிறவர்கள் சிஸ்பர் 25 (வண்டிச் சாமான்களின் ரேடியோ நாய்ஸுக்கான சர்வதேசத் தரம்) அளவுகளுக்குப் போக வேண்டும், அதற்குச் சென்னை தரமணியில் சமீர், புனேவில் ஏஆர்ஏஐ என்று ஆய்வகங்கள் இருக்கின்றன. மணிக்கணக்கில் காசு, ஆகவே அங்கே போய் நின்றுகொண்டு கண்டன்சர் மாற்றுவது கட்டுப்படியாகாது. என் மாதிரிச் சின்ன ஆட்கள் பட்டறையிலேயே செய்யக்கூடியது இவ்வளவு: இரண்டு பேட்டரியைத் தொடரில் மாட்டி, சார்ஜரைக் கழற்றிவிட்டு ஓட்டுவது. மேசைப் பவர் சப்ளையில் ஓட்டினால் அதன் நாய்ஸும் சேர்ந்து வரும், யாருடையது என்று தெரியாது. வண்டியில் போடப்போகிற அதே நீள ஒயர், அதே லோடு. எல்இடி பல்பை அணைத்துவிட்டு, கை எட்டும் தூரத்தில் பாக்கெட் ரேடியோவை வைத்து 88-லிருந்து 108 வரை மெதுவாக ஓட்டுவேன், பெட்டியை ஆஃப் செய்து ஒரு முறை, ஆன் செய்து ஒரு முறை. இரண்டுக்கும் வித்தியாசம் தெரிகிற இடம் எதுவோ அந்த அதிர்வெண்ணைப் பென்சிலால் பெட்டி மூடியில் எழுதி, போர்டில் அந்த மணி எங்கே அடிக்கிறது என்று தேட உட்காருவேன். ஆஃப் செய்தும் சீறல் இருந்தால், யாரோ பக்கத்து மேசையில் ஃபோனைச் சார்ஜில் போட்டிருக்கிறார்கள், முதலில் அதைக் கழற்றச் சொல்ல வேண்டும்.